பதினான்காம் கணக்கு

என் வீட்டுக்காரர் ஊருக்கே வண்டி ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். அப்படிப்பட்டவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், எங்கள் வீட்டு வாசலில், என் கண் முன்னாலேயே, திரும்பிப் பார்க்காமல் வண்டியைப் பின்னால் எடுத்துக் காம்பவுண்டுச் சுவரில் கொண்டுபோய் மோதினார். பம்பர் கழன்று விழுந்தது. சுவருக்கு ஒன்றும் ஆகவில்லை. இறங்கி வந்தவர் சுவரை ஒரு முறை முறைத்துவிட்டு, "இந்தக் கண்ணாடியில எல்லாமே தூரமாத்தான் தெரியுது" என்றார். பழியைக் கண்ணாடியின் தலையில் போட்டுவிட்டுக் காபி குடிக்க உள்ளே போய்விட்டார்.

நான் பாலிடெக்னிக்கில் இயற்பியல் நடத்துகிறவள். நிறை தெரிந்த ஒரு வண்டி, அசையாத ஒரு சுவர், இரண்டுக்கும் நடுவே ஒரு மோதல். இதைப் பார்த்துவிட்டு எந்த இயற்பியல் ஆசிரியையால் சும்மா இருக்க முடியும்? அன்று சாயங்காலமே அது நான் எழுதிக்கொண்டிருந்த புத்தகத்தில், நான்காம் அத்தியாயத்தின் பதினான்காம் கணக்காக ஏறிவிட்டது.

"ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி நடத்தும் ஒருவர், 900 கிலோ நிறையுள்ள வண்டியைத் திரும்பிப் பார்க்காமல் மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்தில் பின்னால் எடுத்து ஒரு சுவரில் மோதுகிறார். வண்டி 0.1 நொடியில் நின்றுவிடுகிறது. பம்பர் கழன்று விழுகிறது. சுவர் வண்டியின் மேல் செலுத்திய சராசரி விசை என்ன?"

பெயர் எதுவும் போடவில்லை. ஓட்டுநர் பள்ளி நடத்துகிறவர் உலகத்தில் இவர் ஒருவர்தானா என்று நினைத்துக்கொண்டேன். அட்டையில் என் பெயர் இருக்கிறது, அந்தப் பெயரின் வாலாக இவர் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறது, அதே பெயர்தான் ஓட்டுநர் பள்ளிப் பலகையிலும் கொட்டை எழுத்தில் தொங்குகிறது என்பதெல்லாம் அப்போது புத்திக்கு எட்டவில்லை.

புத்தகம் எழுத நான் ஒன்றும் ஆசைப்படவில்லை. ஆத்திரப்பட்டேன். எங்கள் கல்லூரியில் வைத்திருந்த பாடப் புத்தகம் எங்கள் துறைத்தலைவர் எழுதியது. பின்னட்டையில் அவர் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு யோசிக்கும் படம் இருக்கும். பிள்ளைகளில் பாதிப் பேர் அதை வாங்க வழியில்லாமல் ஜெராக்ஸ் எடுத்துப் படித்தார்கள். ஜெராக்ஸில் படங்களெல்லாம் கரும்பூதமாக விழுந்ததில் கப்பி எது, கயிறு எது என்று தெரியாது. இரண்டாம் அத்தியாயத்தின் கடைசியில் ஒரு விடை தப்பு. ஒவ்வொரு பதிப்பிலும் அட்டையின் நிறம் மாறும், விலை மாறும், அந்த விடை மட்டும் மாறாது. துறைத்தலைவரிடம் சொன்னேன். "அடுத்த பதிப்புல பார்த்துக்கலாம் மேடம்" என்றார். அடுத்த பதிப்பில் அட்டை ஊதாவானது.

அதனால் நானே எழுதினேன். சாப்பாட்டு மேஜையில், சமையலுக்கும் வகுப்புக்கும் நடுவே கிடைத்த நேரத்தில் எழுதினேன். கணக்குகளுக்கு ஆள் தேவைப்பட்டபோது வீட்டில் இருந்தவர்களையே பிடித்துப் போட்டேன். என் மாமியார் மூன்றாம் அத்தியாயத்தில் இறுகிப்போன ஜாடி மூடியைத் திருகுகிறார். எழுதி முடித்ததும் இலவசப் பாடநூல்களுக்கென்றே இருக்கும் ஒரு இணையதளத்தில் போட்டேன். யார் வேண்டுமானாலும் படிக்கலாம், பிரதி எடுக்கலாம், தங்களுக்கு ஏற்றபடி மாற்றிப் புதுப் பதிப்பாகவும் போடலாம். முதலில் எழுதியவர் யார், மாற்றியவர் யார் என்று குறிப்பிட்டால் போதும். கடைசியாக மாற்றிய பதிப்பு தளத்தில் எல்லாவற்றுக்கும் மேலே நிற்கும்.

இதை விளக்கியபோது என் வீட்டுக்காரர் கேட்டது ஒரே கேள்விதான்.

"யாரு வேணும்னாலும் மாத்தலாமா?"

"யாரு வேணும்னாலும்."

"அப்ப நாம ஏன் ராத்திரி கதவைப் பூட்டிட்டுப் படுக்கிறோம்?"

"மூணு வருஷம் உக்காந்து எழுதினியே, ஒரு பைசாவும் வராதாம்மா?" என்றார் மாமியார். வராது என்றேன். "சரி, என் பேரையாவது போட்டிருக்கலாம். மூடியைத் திறந்தது நான்தானே" என்றார். இருந்தாலும் அந்தப் பக்கத்தை அச்செடுத்து வாங்கிக்கொண்டுபோய்ப் பக்கத்து வீடுகளில் காட்டிவிட்டு வந்தார்.

முதல் சில மாதங்கள் எனக்குக் கால் தரையில் பாவவில்லை. முகம் தெரியாத யார் யாரோ எழுதினார்கள். ஒருவர் ஆறாம் அத்தியாயத்தில் நான் கழித்தல் குறியை விட்டிருந்ததைக் காட்டினார், அன்றைக்கே திருத்தினேன். ஒரு ஆசிரியர் கண் தெரியாத பிள்ளைகளுக்காக முழுப் புத்தகத்தையும் வாசித்து ஒலிப்பதிவு செய்து போட்டார். என் மாணவி ஒருத்தி பஸ்ஸில் நின்றுகொண்டே போனில் கணக்குப் போடுவதைப் பார்த்தபோது, அத்தனை நாள் கரிந்த பாத்திரங்களுக்கெல்லாம் பலன் கிடைத்ததாக நினைத்தேன். எழுதும் சுவாரஸ்யத்தில் நான் பாத்திரங்களை அடுப்பிலேயே மறந்து கரியவிடுவது வழக்கம். அது எங்கள் வீட்டு விஷயம், வெளியே தெரியாது.

கூடவே தலைவலியும் வந்தது. ஒரு டியூஷன் சென்டர்க்காரன் என் புத்தகத்தை அப்படியே அச்சடித்து, தன் படத்தை அட்டையில் போட்டு விற்றான். இன்னொருவர் என் கணக்குகளில் இருந்த ஆட்களையெல்லாம் தூக்கிவிட்டுக் கால்பந்து வீரர்களைப் போட்டிருந்தார். ஜாடி மூடி திருகிய என் மாமியாரின் இடத்தில் ஒருவர் பந்தை உதைத்துக்கொண்டிருந்தார். யாரிடம் போய்ச் சண்டை போடுவது? கதவைத் திறந்து வைத்தது நான்தான்.

இப்படி இருக்கும்போதுதான் ஒரு பல் டாக்டர் என் வீட்டுக்காரரிடம் கார் ஓட்டக் கற்றுக்கொள்ள வந்தார். இரண்டாம் நாள், வண்டியைப் பின்னால் எடுக்கும் பாடம். இவர் வழக்கமான கம்பீரத்தோடு, "முதல்ல கழுத்தைத் திருப்பிப் பின்னாடி பாருங்க. கண்ணாடியை மட்டும் நம்பக் கூடாது" என்றிருக்கிறார். அந்தப் பெண் ஸ்டியரிங்கில் தலை சாய்த்துச் சிரித்துவிட்டார்.

"சார், தப்பா எடுத்துக்காதீங்க. நீங்கதானே அந்தப் பதினாலாம் கணக்கு? என் தம்பி புத்தகத்துல படிச்சேன்."

அன்று மதியம் என் வீட்டுக்காரர் கப்பல் கவிழ்ந்த முகத்தோடு வீட்டுக்கு வந்தார். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"என்னை என்னன்னு எழுதி வச்சிருக்க?"

சொன்னேன். முழுசாக வாசித்தும் காட்டினேன். அப்படிச் செய்திருக்கக் கூடாது.

"திரும்பிப் பார்க்காமன்னு எழுதணுமா? சும்மா மோதினாருன்னு எழுதினா விசை குறைஞ்சிடுமா?"

"குறையாது. ஆனா நீங்க திரும்பிப் பார்க்கலையே."

"இடிச்சது நீதானேடா?" என்றார் மாமியார், சோபாவில் இருந்தபடியே. "நானும்தான் பார்த்தேன்."

"அம்மா, நீ சும்மா இரு. உன்னை மூடி திறக்க வச்சிருக்கா, நீ பேசுவ." என் பக்கம் திரும்பினார். குரல் இறங்கிவிட்டது. "சுவத்துல இடிக்கிறவன்கிட்ட யாரு வண்டி கத்துக்க வருவா? போன வாரம் ரெண்டு பேர் சொல்லாம கொள்ளாம நின்னுட்டாங்க. ஏன்னு இப்பத்தான் புரியுது. அதை எடுத்துடு."

எனக்குச் சுருக்கென்றது. "என் பதிப்புல இருந்து எடுத்துடலாங்க. ஆனா எத்தனை பேர் பிரதி எடுத்து வச்சிருக்காங்களோ, அதையெல்லாம் நான் எப்படித் திரும்ப வாங்குறது?"

"வாங்க முடியாதா?"

"முடியாது. ஆனா யாரு வேணும்னாலும்..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டேன். அவரும் அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. கேட்காதபோதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

அதன் பிறகு அவர் வகுப்பில்லாத நேரமெல்லாம் என் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார ஆரம்பித்தார். கேட்டால் டயர் விலை பார்க்கிறேன் என்பார். நடுநடுவே, "உந்தம்னா என்ன?" "ஆவியாகறதுக்குத் தனி வெப்பம் வேணுமா?" என்று கேட்பார். மனிதர் கோபம் ஆறி, என் பாடத்தில் அக்கறை காட்டுகிறாரே என்று நெகிழ்ந்துபோய் வடிகட்டாமல் சொல்லிக்கொடுத்தேன். சாப்பிடும்போது தனக்குத்தானே சிரித்துக்கொள்வார். வாசகர்களுக்குப் பதில் எழுதும் சுவாரஸ்யத்தில் அந்த வாரம் புது எவர்சில்வர் பாத்திரம் ஒன்றையும் நான் கரியவிட்டேன்.

இதற்கிடையில் கல்லூரியில் என் புத்தகத்தின் தலையெழுத்தைத் தீர்மானிக்கக் கூட்டம் வைத்தார்கள். அடுத்த ஆண்டுக்குத் துறைத்தலைவர் புத்தகமா, என் புத்தகமா என்று முடிவு செய்ய வேண்டும். பிரின்சிபால் மேடம் எந்தப் பக்கமும் சாயாத மனுஷி. அவர் வேண்டாம் என்று சொல்லிவிட்டால், பிள்ளைகள் மறுபடி கரும்பூத ஜெராக்ஸுக்குத்தான் போக வேண்டும். கூட்டத்தன்று என் வீட்டுக்காரரே ஓட்டுநர் பள்ளி வண்டியில் கொண்டுவந்து விட்டார். "முடிச்சிட்டு வா, வெளியிலயே இருக்கேன்" என்று வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தார். முகத்தில் ஒரு திருட்டுக் களை இருந்தது.

மேஜையில் ஆளுக்கொரு கட்டுத் தாள் வைத்திருந்தார்கள். அலுவலகத்தில் இருந்தவர்கள் தளத்துக்குள் போய், மேலே இருந்த பதிப்பை அச்செடுத்திருக்கிறார்கள். துறைத்தலைவர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"மேடம், எனக்கு இவங்க மேல தனிப்பட்ட கோபம் ஒண்ணுமில்ல. யாரு வேணும்னாலும் கை வைக்கிற புத்தகத்தைப் பாடமா வைக்க முடியுமாங்கறதுதான் என் கேள்வி. நாலாவது அத்தியாயம், பதினாலாவது கணக்கு. வாசிக்கிறேன். 'திறமை வாய்ந்த ஓட்டுநர் பயிற்சியாளர் ஒருவர், மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் பின்னோக்கி வருகிறார். இரண்டு மீட்டர் தூரத்தில் ஒரு சுவரைக் கண்டதும் பிரேக் போடுகிறார். வண்டி சுவருக்கு ஒரு சாண் முன்னால் நிற்கிறது. அவரைப் பாராட்டுக.'"

என் முன்னால் இருந்த தாள்களில் அந்தப் பக்கத்தைத் தேடினேன்.

"பாராட்டுகவா?" என்றார் பிரின்சிபால்.

"பாராட்டுகதான் மேடம். கணக்குப் போட்டுப் பார்த்தேன். இந்த வேகத்துல வண்டி அப்படி நின்னா, அந்தத் திறமை வாய்ந்தவர் பின்கண்ணாடி வழியாப் போய்ச் சுவரைத் தொட்டிருப்பார். இது ஒண்ணு மட்டும் இல்ல. ஏழாவது அத்தியாயத்துல கப்பி, கயிறுன்னு போட்டா, கயித்தை இழுக்கிறதும் அவர்தான். ஒளியியல்ல கண்ணாடிதான் தூரத்தைத் தப்பாக் காட்டுதாம், பயிற்சியாளர் மேல குத்தமே இல்லையாம். கடைசிப் பக்கத்துல, 'மாற்றியவர்: பாதிக்கப்பட்டவன்'னு இருக்கு. யார் இந்தப் பாதிக்கப்பட்டவன்? என் புத்தகத்துல தப்பு இருந்தா என்னை வந்து கேட்கலாம். இதுல யாரைப் போய்க் கேட்கிறது?"

நியாயமான கேள்வி. அவர் வாயிலிருந்து வந்ததால் அது அநியாயம் ஆகிவிடாது. யாரோ முகம் தெரியாத ஆள் என்று சொல்லித் தப்பிக்கலாம். சொன்னால் துறைத்தலைவர் சொன்னதுதான் சரி என்று ஆகும். உண்மையைச் சொன்னால் மானம் போகும். எந்தப் பக்கம் போனாலும் இடிதான். நான் தாள்களை மேலே புரட்டினேன். ஒன்பதாம் அத்தியாயத்தில், நான் எழுதாத ஒரு கணக்கு இருந்தது.

"இயற்பியல் ஆசிரியை ஒருவர் இரண்டு லிட்டர் தண்ணீரை அடுப்பில் வைத்துவிட்டுப் புத்தகம் எழுதப் போய்விடுகிறார். தண்ணீர் கொதிக்க 12 நிமிடம் ஆகிறது. ஆசிரியை எழுந்து வரவில்லை. தண்ணீர் முழுவதும் வற்றிப் பாத்திரம் கரியத் தொடங்க, கொதித்த பிறகு எத்தனை நிமிடம் ஆகும்? விடை: 105."

பிரின்சிபாலும் அதே பக்கத்துக்கு வந்துவிட்டார். "இது நல்லா இருக்கே" என்றார். "கொதிக்க வைக்கிற வெப்பம், ஆவியாகற வெப்பம் ரெண்டும் ஒரே கணக்குல வருது. பிள்ளைங்களுக்குப் புரியும்."

துறைத்தலைவருக்குக் கை நமநமவென்றது. கணக்கைக் கண்டால் விடாத ஜென்மம் அவர். அதற்காக அவரை எனக்குப் பிடிக்கும். தாளின் ஓரத்தில் மளமளவென்று போட்டார். "அறை வெப்பநிலை சொல்லல. முப்பதுன்னு வச்சுக்கலாம். விடை தப்பு மேடம். தொண்ணூத்திரெண்டுதான் வரணும்."

"வெப்ப இழப்பு இருக்கே சார்" என்றேன், என்னை அறியாமல். "கொதிக்கிறப்ப பாத்திரத்துல இருந்து வெளியில போற வெப்பம் அதிகம். நிஜமான அடுப்புல அதைவிடக் கூடத்தான் ஆகும். நூத்தியஞ்சு சரியா இருக்கும். ஆனா அது கணக்குப் போட்டு வர்ற எண் இல்ல. பக்கத்துல நின்னு பார்த்தாத்தான்..."

சொல்லிக்கொண்டே வந்தவளுக்கு அப்போதுதான் உறைத்தது. பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறார்! என் புது எவர்சில்வர் பாத்திரம் கருகும்வரை, கையில் கடிகாரத்தோடு, அடுப்பை அணைக்காமல் நின்றிருக்கிறார்!

"மாத்தினது என் வீட்டுக்காரர்தான் மேடம். நான் எழுதின பதினாலாவது கணக்குல வண்டி சுவத்துல இடிச்சிடும்" என்றேன். கோபத்தில் உண்மை சுலபமாக வந்தது. "வெளியில பெஞ்சுல உக்காந்திருக்கார்."

கூப்பிட்டுவிட்டார்கள். உள்ளே வந்தவர் மேஜையில் கிடந்த தாள்களைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். விஷயம் புரிந்துவிட்டது. தன்னுடைய பதிப்பு இந்த அறை வரைக்கும் வரும் என்று அவர் கனவிலும் நினைத்திருக்கவில்லை. கல்லூரிக்குக் கொடுப்பது நான் எழுதியதைத்தானே என்று நினைத்திருக்கிறார்.

பிரின்சிபால் அவரை உற்றுப் பார்த்தார். "என் பொண்ணு உங்ககிட்டதானே கார் கத்துக்கறா?"

"ஆமாங்க மேடம்."

"பதினாலாவது கணக்கு ரெண்டு விதமா இருக்காம். உங்க மனைவி எழுதினதுல வண்டி சுவத்துல இடிக்குது. உங்களோடதுல ஒரு சாண் முன்னாடி நிக்குது. எது நிஜம்?"

நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பாத்திரத்துக்காக அவரைக் கொன்று போடலாம் போலிருந்தது. ஆனாலும், கடவுளே, இவர்கள் முன்னால் அவரைத் தலைகுனிய வைத்துவிட்டேனே என்றும் இருந்தது. கண்ணாடி மேல் பழி போடட்டும், போகட்டும் என்று நினைத்தேன்.

"இடிச்சதுதான் நிஜம்" என்றார்.

என் பக்கம் கை காட்டினார். "ஆனா இவ எழுதினதுலயும் ஒரு தப்பு இருக்கு. மணிக்கு அஞ்சு கிலோமீட்டர்னு போட்டிருக்கா. அது சரியில்ல. எட்டு."

பிரின்சிபால் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அஞ்சுல போயிருந்தா பம்பர் விழுந்திருக்காது மேடம். நான் ஸ்பீடாமீட்டரைப் பார்த்துட்டுத்தான் சொல்றேன், எட்டு. மானத்துக்குப் பயந்து இவகிட்டயும் சொல்லல. புத்தகத்துல சரியா இருக்கட்டும். பிள்ளைங்க படிக்கிறது."

துறைத்தலைவர் அதற்குள் பேனாவை எடுத்துவிட்டார். "எட்டுன்னா... விசை இருபதாயிரம் நியூட்டன். முழு எண்ணா வருது" என்றார், யாரோ தனக்குப் பரிசு கொடுத்ததுபோல.

பிரின்சிபால் நீண்ட நேரம் சிரித்தார். பிறகு சொன்னார்: "கல்லூரிக்குன்னு ஒரு பதிப்பைத் தனியா எடுத்து வச்சுக்கலாம். வருஷா வருஷம் மூணு பேர் சரிபார்த்து ஒத்துக்கிட்டாத்தான் அதுல ஒரு எழுத்து மாறணும். வெளியில யாரு என்ன பண்ணினாலும் பண்ணட்டும். சரிபார்க்கிற மூணு பேர்ல நீங்க ஒருத்தர் சார்." துறைத்தலைவர் மறுப்பதற்கு வாயைத் திறந்தார். "அந்தத் தண்ணிக் கணக்குல அறை வெப்பநிலையைச் சேர்க்கணும்" என்றுதான் வாயில் வந்தது. அதோடு தன் புத்தகத்தின் இரண்டாம் அத்தியாயத்து விடையைப் பற்றியும் மெதுவாக என்னிடம், "அதையும் ஒரு தடவை பார்த்துடுவோம்" என்றார்.

வெளியே வந்து வண்டியில் ஏறியதும் நான் ஆரம்பித்தேன். "அடுப்பை அணைக்கணும்னு தோணலையா உங்களுக்கு?"

"அணைச்சிருந்தா விடை தெரிஞ்சிருக்காது."

"புதுப் பாத்திரம்!"

"நீயும்தான் பம்பரை எடுத்துத் தராம, நிறை எவ்வளவுன்னு கேட்டுட்டு நின்ன."

அது நிஜம். இன்னொன்றும் தோன்றியது. என்னைப் பழிவாங்குவதற்காக இந்த மனிதர் என் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை ஒரு வரி விடாமல் படித்திருக்கிறார். பன்னிரண்டு அத்தியாயங்களிலும் தன்னைக் கொண்டுபோய் உட்காரவைத்திருக்கிறார். துறைத்தலைவரே நான்காம் அத்தியாயத்தைத் தாண்டி எத்தனை இடங்களைப் பார்த்தாரோ தெரியாது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை அவரிடம் சொல்லவும் சொன்னேன். "ஒளியியல் கொஞ்சம் கஷ்டம்" என்றார்.

வண்டியைப் பின்னால் எடுக்க வேண்டியிருந்தது. கல்லூரிச் சுவர் பின்னால்தான் இருந்தது. ஜன்னல் வழியாகப் பிரின்சிபாலும் துறைத்தலைவரும் பார்த்துக்கொண்டு நிற்பதை இரண்டு பேரும் பார்த்தோம். அவர் கழுத்தை முழுசாகத் திருப்பினார். நானும் இறங்கிப் பின்னால் போய் நின்று, "வாங்க... வாங்க... போதும்" என்று கை காட்டினேன்.

வீட்டுக்கு வந்ததும் தளத்தைத் திறந்து, பதினான்காம் கணக்கில் ஐந்தை எட்டாக்கினேன். பாத்திரக் கணக்கையும் அறை வெப்பநிலையோடு சேர்த்துக்கொண்டேன். மாற்றியவர் பெயரைப் போட வேண்டிய இடத்தில் என்ன போடுவது என்று கேட்டேன். பாதிக்கப்பட்டவன் வேண்டாம் என்றார். சொந்தப் பெயரும் வேண்டாம் என்றார். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, என்னை நகரச் சொல்லி அவரே தட்டினார்.

இப்போது புத்தகத்தைத் திறந்தால் பதினான்காம் கணக்குக்குக் கீழே சின்ன எழுத்தில் அது இருக்கும். "வேகத்தைத் திருத்தியவர்: மோதியவர்."